தீபாவளிப் பலகாரமும் சாப்பிட வேண்டும், பல்லும் கெடக்கூடாது. என்ன செய்யலாம்?

பலகாரத்தை விடவேண்டாம், கொறிப்பதை விடுங்கள். எவ்வளவு இனிப்பு சாப்பிட்டோம் என்பதைவிட எத்தனை தடவை சாப்பிட்டோம் என்பதுதான் பல்லுக்கு முக்கியம். இனிப்பு உள்ளே போனதும் வாயிலிருக்கும் பாக்டீரியா அதை அமிலமாக்கிவிடும். எச்சில் அதைச் சரிசெய்ய அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். எங்கள் மாம்பலம் வீட்டில் முன்பெல்லாம் பலகார டப்பா கூடத்திலேயே இருக்கும். போகும்போது ஒரு துண்டு, வரும்போது ஒரு துண்டு. பல் நாள் முழுக்க அமிலத்தில்தான் ஊறும். இப்போது சாப்பாட்டோடு மட்டும்தான் இனிப்பு, உடனே தண்ணீரில் நன்றாகக் கொப்பளிப்பு.

அதிரசமும் லேகியமும் கடைவாய்ப் பல்லின் பள்ளங்களில் அப்பிக்கொள்ளும். வெல்லம்தானே என்று நினைக்காதீர்கள், பல்லுக்கு அதுவும் சர்க்கரைதான். ராத்திரி எவ்வளவு அசதியாக இருந்தாலும் ஃப்ளோரைடு பேஸ்ட்டால் 2 நிமிடம் தேய்த்துவிட்டுப் படுங்கள். அதற்குப் பிறகு தண்ணீர் மட்டும்.

வேர் சிகிச்சை (ரூட் கேனல்) செய்து கேப் போடாத பல் இருந்தால் கெட்டி முறுக்கை அந்தப் பக்கம் கடிக்கவே கடிக்காதீர்கள், பிளந்துவிடும். பண்டிகை நாளில் பல கிளினிக்குகள் மூடியிருக்கும். வலியோ கூச்சமோ இருந்தால் முன்னாடியே காட்டிவிடுங்கள். செலவுக்கு யோசித்தால் சென்னையில் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.