சாண்டோ டொமிங்கோவின் பழைய நகரத்துக்கு அரை நாள் போதுமா?

போதாது.

புன்டா கானாவில் கடற்கரை ஓட்டல் போட்டாயிற்று, நடுவில் ஒரு நாள் கரீபியன் நாடான டொமினிகன் குடியரசின் தலைநகர் சாண்டோ டொமிங்கோ, கூட வயதான அப்பா அம்மா, பழைய நகரத்தில் எதைப் பார்க்கலாம் எதை விடலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்கு வந்திருக்கும் பதில்கள் எல்லாம் "வெறும் பழைய கட்டடங்கள், அரை நாளில் முடித்துவிட்டுக் கடற்கரைக்குத் திரும்பிவிடுங்கள்" என்கிற ரகம். படித்துவிட்டுச் சும்மா போக மனம் வரவில்லை.

அநேகமாக நீங்கள் ஓட்டலிலிருந்து பஸ்ஸில் கூட்டிப்போகும் ஒருநாள் டூரைத்தான் பார்த்துவைத்திருப்பீர்கள். போக இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகும், வரவும் அதே. நடுவில் சாப்பாடு, அப்புறம் ஆம்பர், லாரிமார் கல் விற்கும் கடையில் கட்டாய நிறுத்தம். மிச்ச நேரத்தில் சதுக்கங்களை ஓடிக்கொண்டே பார்க்க வேண்டும். பெரியவர்களை வைத்துக்கொண்டு அது ஆகாது.

நான் அப்பாவோடு போனேன். அவர் நில அளவைத் துறையில் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர், வயல் வயலாகச் சங்கிலி பிடித்து அளந்தவர். முட்டி வலி உண்டு. அவர் முதலில் பார்த்தது கட்டடத்தை இல்லை, தெருவை. "என்னப்பா இது, எல்லாத் தெருவும் நூல் பிடிச்ச மாதிரி போகுது" என்றார். காரணம் இருக்கிறது. கொலம்பஸின் தம்பி பார்தொலொமே முதலில் ஊரை அமைத்தது ஓசாமா ஆற்றின் கிழக்குக் கரையில். 1502-இல் பெரும்புயல் அதை அழித்துவிட்டது. அதன்பிறகு ஆளுநர் நிக்கோலாஸ் தே ஒவாந்தோ மேற்குக் கரையில் குறுக்கும் நெடுக்குமாக நேர்த்தெருக்கள் போட்டு ஊரை அமைத்தார். இந்தப் பகுதியைத்தான் 1990-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

சரி, எங்கே தொடங்குவது? கொலோன் பூங்காவில் தொடங்குங்கள். நிழல், பெஞ்சு, புறா எல்லாம் உண்டு, தெற்குப் பக்கம் கதீட்ரல். அமெரிக்கக் கண்டத்திலேயே மிகப் பழைய கதீட்ரல் அது, 16-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் கட்டியது. 1586-இல் ஆங்கிலேயக் கடற்கொள்ளையர் பிரான்சிஸ் டிரேக் ஊரைப் பிடித்தபோது அதைக்கூட விட்டுவைக்கவில்லை. உள்ளே போக முட்டிக்குக் கீழே உடை வேண்டும், அரைக்கால் சட்டை போட்டால் நிறுத்திவிடுவார்கள்.

பூங்காவின் நடுவில் 1887-இல் வைத்த கொலம்பஸ் சிலை, விரல் நீட்டி நிற்கும். எல்லாரும் அண்ணாந்து அவரைப் படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். அப்பா முட்டி வலிக்காகப் பெஞ்சில் உட்கார்ந்தார், உட்கார்ந்ததால் கீழே பார்த்தார். பீடத்தில் தொற்றி ஏறி, கொலம்பஸ் பெயரை எழுதுகிற மாதிரி ஒரு பெண் உருவம். "யாருப்பா இந்தப் பொண்ணு?" என்று என்னைக் கேட்டார். பக்கத்தில் நின்ற ஒரு கைடு சொன்னார், அனகவோனா என்று. ஐரோப்பியர் வருமுன் அந்தத் தீவில் வாழ்ந்த தைனோ மக்களின் தலைவி, ஹராகுவா பகுதியை ஆண்டவர். 1503-இல் ஒவாந்தோ நட்பாகப் பார்க்க வருவதாகச் சொல்லிப் போய், வரவேற்கக் கூடியிருந்த தைனோ தலைவர்களை வீட்டுக்குள் வைத்து எரித்தார். அனகவோனாவை இந்த ஊருக்குக் கொண்டுவந்து தூக்கில் போட்டார்கள்.

அப்பா நெடுநேரம் எழுந்திருக்கவில்லை. அப்புறம் லாஸ் தாமாஸ் தெரு வழியாகப் பொடிநடையாக ஸ்பெயின் சதுக்கத்துக்குப் போனோம். ஆற்றைப் பார்த்த மாதிரி பெரிய திறந்தவெளி, ஒரு ஓரம் முழுக்கச் சாப்பாட்டுக் கடைகள், எதிரே கொலம்பஸின் மகன் தியேகோ கட்டிய அல்காசர் மாளிகை. வெளியின் நடுவே இன்னொரு சிலை. யார் என்று பார்த்தால் அதே ஒவாந்தோ! அப்பாவுக்கு வந்ததே கோபம். "தூக்குல போட்டவனுக்குத் தனியா ஒரு மைதானமே விட்டிருக்கான், செத்தவளுக்கு அடுத்தவன் காலடியில இடமா?" என்று சத்தமாகவே கேட்டார். தமிழ் தெரியாத அந்தக் கூட்டத்தில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

உடனே "சிலையை உடைக்கச் சொல்கிறாயா" என்று கிளம்பிவிட வேண்டாம். அது அந்த ஊர்க்காரர்கள் முடிவு செய்ய வேண்டிய விஷயம், கொலம்பஸ் சிலையை எடுக்க வேண்டும் என்ற பேச்சு அங்கேயே இருக்கிறது, கூடாது என்று எதிர்ப்பவர்களும் இருக்கிறார்கள். யார் மேலே, யார் கீழே என்று பார்க்காமல் நடந்தால் அந்த ஊரைப் பார்த்ததாகவே ஆகாது, அவ்வளவுதான். அல்காசர் மாளிகை அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் இடிந்து கிடந்ததை 1950-களில் சர்வாதிகாரி த்ருஹில்யோ காலத்தில் எடுத்துக் கட்டியிருக்கிறார்கள். மாளிகைக்குச் சொந்தக்காரரான தியேகோவின் கரும்பாலையில்தான் அமெரிக்கக் கண்டத்தில் பதிவான முதல் பெரிய ஆப்பிரிக்க அடிமைக் கிளர்ச்சி 1520-களின் தொடக்கத்தில் வெடித்தது. இதைத் தெரிந்துகொண்டு அந்த மாடியில் நின்று ஆற்றைப் பாருங்கள்.

மூன்றாவது சிலை கடலோரம், பழைய நகரத்தின் தெற்கு விளிம்பில். துறவி அந்தோனியோ தே மொன்டெசினோஸ், வாய்க்குப் பக்கத்தில் கை வைத்துக் கடலைப் பார்த்துக் கத்துகிற மாதிரி, 15 மீட்டர் உயரம், மெக்சிகோ கொடுத்தது. 1511 டிசம்பரில் இந்த ஊரில் நடந்த பிரசங்கத்தில், தியேகோ உட்பட அதிகாரிகள் எல்லாம் உட்கார்ந்திருக்க, இந்த மக்களை எந்த உரிமையில் அடிமைப்படுத்துகிறீர்கள், இவர்கள் மனிதர்கள் இல்லையா என்று முகத்துக்கு நேரே கேட்டவர். அப்பா அங்கேதான் சமாதானமானார். இருட்டிய பிறகு அந்தப் பக்கம் நடக்க வேண்டாம், டாக்சி பிடித்துக்கொள்ளுங்கள்.

கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், ஆனாலும் பெற்றோரோடு போகிறீர்கள் என்பதால் இதைச் சொல்லியே ஆக வேண்டும். டிக்கெட் எடுக்கும்போதே சக்கர நாற்காலி கேட்டு, உறுதி என்று பதிலும் வந்திருந்தது. இடையில் விமானம் மாறும் இடத்தில் அப்பாவை ஒரு மூலையில் உட்காரவைத்துவிட்டு, நாற்காலி தள்ளிவந்த ஆள் போனவர் போனவர்தான். கழிப்பறை எங்கே என்று கேட்கக்கூட ஆள் இல்லை. என்னையும் கூட விடவில்லை, வேறு வரிசை என்று அனுப்பிவிட்டார்கள். புகார் எழுதினால் "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று ஒரு மெயில். எழுபது தாண்டிய மனிதரை மூட்டை மாதிரி ஓரமாக வைத்துவிட்டுப் போக எப்படித்தான் மனசு வருகிறதோ. யார் என்ன சொன்னாலும் பெற்றோர் பக்கத்தை விட்டு நகராதீர்கள்.

பார்க்க வேண்டியதில் இன்னும் ஒன்று உண்டு. கொலோன் பூங்காவிலிருந்து எல் கோந்தே தெரு, வண்டிகள் வராது, நடப்பவர்களுக்கு மட்டும். அதன் மேற்குக் கோடியில் கோந்தே வாயில், 1844 பிப்ரவரி 27 அன்று ஹைட்டியிடமிருந்து பிரிந்து தனிநாடு என்று அறிவித்த இடம். அதைத் தாண்டினால் சுதந்திரப் பூங்கா, நாட்டைத் தோற்றுவித்த துவார்தே, சான்செஸ், மெய்யா மூவரின் சமாதி அங்கே. அந்தப் பூங்காவில்தான் கிலோமீட்டர் பூஜ்யம், நாட்டின் சாலைத் தூரங்களை எல்லாம் அங்கிருந்துதான் கணக்கிடுகிறார்கள். முட்டி வலியை மறந்து அப்பா குனிந்து தரையைத் தொட்டுப் பார்த்தார். ஒரு சர்வேயருக்கு அதைவிடப் பெரிய காட்சி வேறென்ன வேண்டும்?

ஆற்றுக்கு அக்கரையில் 1992-இல் திறந்த கொலம்பஸ் கலங்கரை விளக்கத்தை, நேரம் இல்லை என்றால் விட்டுவிடலாம். கதீட்ரலில் இருந்த அவர் எலும்புகளை அங்கே மாற்றியிருக்கிறார்கள், ஸ்பெயினின் செவில்யாவோ அவர் எங்களிடம்தான் இருக்கிறார் என்கிறது. பெரிய கான்கிரீட் கட்டடம், உட்கார்ந்து ஊரைப் பார்க்கிற இடம் இல்லை.

என்னைக் கேட்டால் புன்டா கானாவில் ஒரு இரவைக் குறைத்து, அதைப் பழைய நகரத்துக்குள்ளேயே போடுங்கள். காலையில் சிலைகள், மத்தியானம் பெரியவர்களுக்குத் தூக்கம், வெயில் தாழ்ந்ததும் எல் கோந்தே. சாப்பாட்டுக்குப் பயம் வேண்டாம், சோறும் பீன்ஸ் குழம்பும் வறுத்த வாழைக்காயும் எங்கும் கிடைக்கும், இறைச்சி சேர்த்திருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை மட்டும் போகாதீர்கள், மியூசியங்கள் பெரும்பாலும் மூடியிருக்கும்.