மாடி அறையில் கம்ப்யூட்டர் தொழில்: கோத்தகிரி அம்மா ஒருவருக்குப் பதில்

அம்மா, வணக்கம்.

மகன் பி.சி.ஏ. முடித்திருக்கிறார். பெங்களூரு பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டேன், வீட்டு மாடி அறையிலேயே அவரவர் தேவைக்கேற்ப கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து விற்கப்போகிறேன் என்கிறார். அதற்கு ஐந்து லட்சம் கேட்கிறார். நகையை வைத்துக் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நகையை வைக்க வேண்டாம். ஐந்து லட்சமும் தேவையில்லை. தொழிலே வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

"பச்சைத் தேயிலை விலையை நம்பி நாங்கள் பட்டது போதாதா, மாதச் சம்பளத்துக்குப் போனால் என்ன" என்று உங்கள் வீட்டுக்காரர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. விலை நம் கையில் இல்லாத ஒரு பொருளை விற்றுப் பிழைப்பது எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். தம்பி தொடங்க நினைக்கும் தொழிலிலும் அதே ஆபத்து இருக்கிறது. அவர் அதை இன்னும் பார்க்கவில்லை என்பதுதான் என் கவலை.

கம்ப்யூட்டரை அசெம்பிள் செய்வது பெரிய வித்தை இல்லை. பழகிய கை இரண்டு மூன்று மணி நேரத்தில் முடித்துவிடும். எல்லாப் பாகமும் பொருந்தும் மதர்போர்டு, கணக்குப் போடும் பிராசசர், வேலை நடக்கும்போது தகவலை வைத்திருக்கும் ரேம், தகவலைச் சேமிக்கும் எஸ்.எஸ்.டி., கரண்டை மாற்றிக் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ்., வெளிப்பெட்டியான கேபினெட், தேவைப்பட்டால் படம் காட்டும் கிராபிக்ஸ் கார்டு, இவ்வளவுதான் பாகங்கள். இவற்றின் விலை எல்லார் போனிலும் இருக்கிறது. சென்னை ரிச்சி தெருவில் என்ன விலை, பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் என்ன விலை, ஆன்லைனில் என்ன விலை என்று பார்த்துவிட்டுத்தான் ஆள் உங்கள் வீட்டு வாசலுக்கே வருவார். பாகத்தின் மேல் ஆயிரம் ரூபாய் கூட்டினால் "அண்ணா, அங்கே குறைச்சலா இருக்கே" என்பார். ஆகவே பாகம் விற்று வரும் லாபத்தில் குடும்பம் நடத்த முடியாது.

இதில் இன்னொரு சிக்கல், விலை ஓர் இடத்தில் நிற்பதில்லை. 2025 கடைசியில் ரேம் விலை ஏறியது தம்பிக்குத் தெரிந்திருக்கும். ஏ.ஐ. டேட்டா சென்டர்களுக்கே மெமரி சிப் போய்ச் சேர்ந்ததால், கடையில் விற்கும் ரேம் சில மாதங்களுக்குள் இரண்டு மடங்கு விலையைத் தாண்டியது. மைக்ரான் நிறுவனம் குருசியல் என்ற பெயரில் பொதுமக்களுக்கு விற்றுவந்த ரேம், எஸ்.எஸ்.டி. வியாபாரத்தையே விட்டு விலகுவதாக அந்த டிசம்பரில் அறிவித்தது. அப்போது யாருக்காவது "மொத்தம் 60,000 ரூபாய், அடுத்த மாதம் செய்து தருகிறேன்" என்று வாக்குக் கொடுத்திருந்தால் கைக்காசு போயிருக்கும். இதற்கு நேர்மாறாக, விலை ஏறும் என்று வாங்கிக் குவித்து, புதிய மாடல் வந்தவுடன் பழையதைத் தள்ள முடியாமல் அலமாரியில் வைத்துக்கொண்டு தவிப்பவர்களும் உண்டு. ஐந்து லட்சத்தில் பெரும்பகுதி சரக்கு வாங்கத்தானே கேட்கிறார்? அதனால்தான் வேண்டாம் என்கிறேன்.

தையல்காரர் துணிக்கடை வைப்பதில்லை. துணியை நீங்கள் எடுத்துக் கொடுக்கிறீர்கள், அவர் கூலி வாங்குகிறார். தம்பியும் அப்படித்தான் தொடங்க வேண்டும். பாகங்களின் விலை முழுவதையும் வாடிக்கையாளரிடம் முன்பணமாக வாங்கிவிட வேண்டும், கூலி தனி. கொட்டேஷன் மூன்று நாளைக்குத்தான் செல்லும் என்று அதிலேயே எழுதிவிட வேண்டும். சொந்தக்காரர், பக்கத்து வீட்டுக்காரர் யாராக இருந்தாலும் இதில் மாற்றம் கூடாது. முக்கியமாகச் சொந்தக்காரர்.

அப்படியென்றால் வருமானம் எங்கிருந்து வரும்? நீங்கள் இருக்கும் இடத்திலிருந்துதான். கோத்தகிரியில் கல்யாண ஆல்பம் செய்யும் ஸ்டூடியோ ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம், வெள்ளிக்கிழமை மாலை கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. மேட்டுப்பாளையம் இறங்கி, கோவையில் சர்வீஸ் சென்டரைத் தேடி, டோக்கன் போட்டு, "திங்கட்கிழமை பார்க்கிறோம்" என்ற பதிலோடு மலையேறி வர ஒரு முழு நாள் போய்விடும். இரண்டு மணி நேரத்துக்குள் வந்து, பழுது எஸ்.எம்.பி.எஸ்.ஸில்தான் என்று கண்டுபிடித்து, கையோடு கொண்டுவந்த ஒன்றை மாற்றி ஓட வைக்கும் ஆள் உள்ளூரிலேயே இருந்தால், அவர் கேட்கும் கூலிக்கு ஸ்டூடியோக்காரர் முகம் சுளிக்க மாட்டார். அடுத்த முறை புது கம்ப்யூட்டர் வாங்கும்போது வேறு எங்கும் விலை விசாரிக்கவும் மாட்டார்.

தேயிலைத் தொழிற்சாலை அலுவலகம், இ-சேவை மையம், ஜெராக்ஸ் கடை, ஹோம் ஸ்டே, பள்ளிக்கூட லேப், வீட்டிலிருந்தே ஐ.டி. வேலை பார்ப்பவர்கள் என்று குன்னூர், உதகை வரைக்கும் இப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். கேம் விளையாட ஒன்றரை லட்சத்துக்கு வண்ண விளக்கு எரியும் பெட்டி கேட்கும் பையன்களும் வருவார்கள். வரட்டும். ஆனால் அவர்களை நம்பிக் கணக்குப் போட வேண்டாம்.

இப்போது இன்னொரு வேலையும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் கொடுத்துவந்த பொது ஆதரவு, அதாவது வழக்கமான பாதுகாப்பு அப்டேட், 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசசர் வேண்டும். பழைய கம்ப்யூட்டர் வைத்திருக்கும் சின்ன அலுவலகங்கள் என்ன செய்வதென்று தெரியாமல் இருக்கின்றன. எதை அப்கிரேடு செய்யலாம், எதில் விண்டோஸுக்குப் பதிலாக இலவச லினக்ஸ் போட்டுத் தரலாம், எதைத் தூக்கிப் போட வேண்டும் என்று நேர்மையாகச் சொல்பவருக்கு முதல் ஆண்டு முழுக்க வேலை இருக்கும். பழைய ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி எஸ்.எஸ்.டி. போட்டாலே பாதி கம்ப்யூட்டர்கள் உயிர் பெற்றுவிடும்.

மலைக்கே உரிய சில விஷயங்களைத் தம்பி கற்றே ஆக வேண்டும். யூடியூபில் பார்த்துப் படிப்பவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர் உயரம். குளிர் இருப்பதால் வெப்பம் பெரிய பிரச்சினை இல்லை. சென்னைக்காரர் பத்தாயிரம் கொடுத்து பிராசசரைக் குளிர்விக்க லிக்விட் கூலர் போடும் இடத்தில், இங்கே பெரும்பாலும் விசிறி வைத்த நல்ல ஏர் கூலரே போதும். வாடிக்கையாளருக்கு அந்தப் பணம் மிச்சம். ஈரம்தான் இங்கே எதிரி. ஐப்பசி, கார்த்திகையில் ஒரு வாரம் மேகம் இறங்கி நின்றால், சுவரோரம் வைத்த கம்ப்யூட்டர் ஒரு நாள் காலையில் திரை காட்டாது, பீப் என்று கத்தும். பல நேரங்களில் ரேமைக் கழற்றி, தங்க நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளை ஊதிவிட்டுத் திரும்பப் போட்டால் ஓடிவிடும். இதற்குப் போய் மதர்போர்டை மாற்ற வேண்டும் என்று சொல்லும் ஆட்களும் இருக்கிறார்கள். தம்பி அப்படி ஒரு பெயர் எடுத்துவிடக் கூடாது. குளிர்ந்த வண்டியிலிருந்து இறக்கிய பெட்டியை, கணப்பு மூட்டிய அறைக்குள் வைத்த உடனே ஆன் செய்யவும் கூடாது. உள்ளே நீர் கோத்திருக்கும். சில மணி நேரம் சும்மா வைத்து, அறையின் சூட்டுக்கு வந்த பிறகே சுவிட்ச் போட வேண்டும்.

அடுத்தது கரண்ட். மரம் விழுந்து லைன் அறுவதும் இடி இறங்குவதும் உங்களுக்குப் புதிதல்ல. யு.பி.எஸ். இல்லாமல் ஒரு கம்ப்யூட்டரும் கொடுக்கக் கூடாது. எர்த் சரியாக இருக்கிறதா என்று மல்டிமீட்டர் வைத்துப் பார்க்காமல் பிளக்கைச் சொருகவும் கூடாது. யு.பி.எஸ். வேண்டாம் என்று வாடிக்கையாளர் அடம்பிடித்தால், பில்லில் அதை எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளட்டும்.

வளைவு நெளிவான பாதையில் பெட்டியைக் கொண்டுபோகும்போது கனமான கிராபிக்ஸ் கார்டைக் கழற்றி, அதன் சொந்த அட்டைப் பெட்டியில் தனியாக எடுத்துப் போக வேண்டும். கார்டோடு சேர்த்து ஏற்றினால் கொண்டை ஊசி வளைவுகளில் ஆடி ஆடி, மதர்போர்டின் ஸ்லாட்டையே பெயர்த்துவிடும். இறங்கிய இடத்தில் தானே உட்கார்ந்து மாட்டி, ஓட்டிக் காட்டிவிட்டு வர வேண்டும்.

வாரண்டியில்தான் புதியவர்கள் மாட்டிக்கொள்வது. பிராண்டு கம்ப்யூட்டர் என்றால் ஒரே கம்பெனி பொறுப்பு. தம்பி கட்டித் தரும் பெட்டியில் ஏழெட்டு கம்பெனிகள் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு வாரண்டிக் காலம். பழுது வந்தால் வாடிக்கையாளர் எந்தக் கம்பெனியையும் தேட மாட்டார், தம்பியைத்தான் பிடிப்பார். ஒரு நோட்டு போட்டு, ஒவ்வொரு பாகத்தின் சீரியல் நம்பரையும், வாங்கிய தேதியையும், பில்லின் போட்டோவையும் முதல் கம்ப்யூட்டரிலிருந்தே வைத்திருக்க வேண்டும். பில் இல்லாமல் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கும் பாகம் பின்னால் கையைக் கடிக்கும். மாற்றுப் பாகம் கம்பெனியிலிருந்து வரும்வரை வாடிக்கையாளருக்கு இரவல் கொடுக்க ஓர் எஸ்.எம்.பி.எஸ்., ஒரு ஜோடி ரேம், ஓர் எஸ்.எஸ்.டி. சொந்தமாக வைத்திருந்தால் போதும். 2009 நவம்பர் மண்சரிவில் பாதைகள் துண்டானதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மழைக்காலத்தில் கீழே இருந்து கூரியர் வரும் என்று தேதி சொல்லக் கூடாது.

"எல்லாரும் திருட்டு விண்டோஸ்தான் போடுகிறார்கள்" என்று தம்பி சொல்லக்கூடும். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவின்படி, திருட்டு மென்பொருள் என்று தெரிந்தே பயன்படுத்துவதற்கு 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதமும் உண்டு. ஏற்றிக் கொடுப்பவரும் தப்ப முடியாது. லைசென்ஸ் விலையைத் தனி வரியில் காட்டட்டும், கட்டுப்படியாகாதவர்களுக்கு உபுண்டு என்ற இலவச லினக்ஸைப் போட்டுக் கொடுக்கட்டும்.

ஜி.எஸ்.டி. பற்றிக் கேட்டிருந்தீர்கள். பொருள் மட்டும் விற்றால் ஆண்டு விற்பனை 40 லட்சத்தைத் தாண்டும்போதும், சர்வீஸும் சேர்ந்தால் 20 லட்சத்தைத் தாண்டும்போதும் பதிவு கட்டாயம். தம்பி இரண்டும் செய்யப்போகிறார், ஆகவே 20 லட்சம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பொருளை வெளி மாநிலத்துக்கு விற்றால் முதல் ரூபாயிலிருந்தே பதிவு வேண்டும். கூடலூர்ச் சொந்தக்காரர்கள் வழியாகச் சுல்தான் பத்தேரியிலிருந்தோ குண்டலுப்பேட்டையிலிருந்தோ ஆர்டர் வந்தால் இது ஞாபகம் இருக்கட்டும். தொழிற்சாலை, நிறுவனம் போன்ற இடங்களில் வரி பில் கேட்பார்கள். 59,000 ரூபாய்க்குப் பாகம் வாங்கினால் அதில் 9,000 வரி. பதிவு இல்லாதவருக்கு அது செலவு, பதிவு உள்ளவர் அதைக் கழித்துக்கொள்ளலாம். அப்படிப்பட்ட வாடிக்கையாளர்கள் இரண்டு மூன்று பேர் சேர்ந்த பிறகு ஓர் ஆடிட்டரைப் பார்த்தால் போதும். வீட்டு மின் இணைப்பில் தொழில் நடத்தினால் கட்டண வகை மாறுமா என்று மின்வாரிய அலுவலகத்திலும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

பணத்துக்கு வருவோம். நல்ல ஸ்குரூடிரைவர் செட், நிலைமின்சாரம் பாகத்தைத் தாக்காமல் இருக்கக் கையில் கட்டும் ஆன்டிஸ்டாடிக் பட்டை, மல்டிமீட்டர், புளோயர், பென் டிரைவ்கள், நான் சொன்ன இரவல் பாகங்கள் எல்லாம் சேர்த்து, ரேம் விலை எகிறாமல் இருந்தால் 30,000 ரூபாய்க்குள் முடியும். மத்திய அரசின் முத்ரா திட்டத்தில் சிசு என்ற சிறுகடன் 50,000 வரை, அதுவே இதற்கு அதிகம். பிறகு பெரிதாகச் செய்ய நினைத்தால் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம் இருக்கிறது. அதில் மலைப்பகுதி சிறப்புப் பிரிவில் வருகிறது, கிராமப்புறத்துக்கு 35 சதவீதம் வரை மானியம். ஒரு கொக்கியும் உண்டு. அது புதிய தொழிலுக்கு மட்டும்தான், ஏற்கெனவே நடப்பதற்குக் கிடைக்காது. அதனால் சிறுதொழிலுக்கான அரசின் உதயம் பதிவு, பெயர்ப் பலகை என்று எதிலும் கை வைப்பதற்கு முன் தம்பி உதகையில் மாவட்டத் தொழில் மையத்துக்குப் போய், திட்டம் இப்போதும் நடக்கிறதா, எந்த வரிசையில் செய்தால் தகுதி போகாமல் இருக்கும் என்று கேட்டு வரட்டும். உதயம் பதிவு ஆன்லைனில் இலவசம். அதற்குக் காசு கேட்கும் புரோக்கரிடம் போக வேண்டாம்.

அதற்கும் முன்னால் ஒன்று. ஆறு மாதம் கோவையில் ஏதாவது ஒரு சர்வீஸ் சென்டரில் வேலை பார்க்கட்டும், சம்பளம் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை. ஒரே நாளில் பத்துப் பதினைந்து பழுதுகள் கையில் புரளும் இடத்தில் கற்பதை மாடி அறையில் உட்கார்ந்து கற்க முடியாது. எந்த மொத்த வியாபாரி நாணயமானவர், யார் வாரண்டி பாகத்தை இழுத்தடிப்பார் என்பதும் அங்கேதான் தெரியும். வீட்டுக்காரருக்கும் மகன் வேலைக்குப் போகிறான் என்ற நிம்மதி கிடைக்கும்.

போவதற்கு முன், இந்த வாரமே தம்பியிடம் ஒரு தாளைக் கொடுங்கள். வீட்டிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்துக்குள், கம்ப்யூட்டர் நின்றால் பிழைப்பே நின்றுபோகும் இருபது இடங்களின் பெயரை எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொன்றுக்கும் நேரில் போய், இப்போது பழுது வந்தால் யாரைக் கூப்பிடுகிறீர்கள், எவ்வளவு கொடுக்கிறீர்கள், எத்தனை நாள் காத்திருக்கிறீர்கள் என்று கேட்டுப் பக்கத்தில் குறித்து வரட்டும். அந்தத் தாளை உங்கள் வீட்டுக்காரரும் பார்க்கட்டும். பாதி இடங்களிலாவது "ஆள் கிடைக்காமல் கஷ்டப்படுகிறோம், நீ வருகிறாயா தம்பி" என்று கேட்டிருந்தால், ஆறு மாதம் கழித்து மாடி அறையைக் காலி செய்து கொடுங்கள். இருபது பெயரே தேறவில்லை என்றால், கோவை வேலையிலேயே இன்னும் ஓர் ஆண்டு இருக்கச் சொல்லுங்கள். தாள் முடிந்ததும் எனக்கும் ஒரு நகல் அனுப்புங்கள், கூலி எவ்வளவு வைக்கலாம் என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.