ஓடையை ஒட்டி அடித்தால் என்ன கிடைக்கும்? வாசகர் கேள்வி பதில்

போன இதழில் மாஸ்டர்ஸ் கோல்ஃப் போட்டி பற்றி நாலு வரிதான் எழுதியிருந்தோம். அதற்கு வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கமிருந்து இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. ஒரே மாதிரி கேட்டவர்களைச் சேர்த்துவிட்டு, மற்றவற்றுக்குப் பதில் இங்கே.

கே: சார், ராத்திரி கண் விழித்து மாஸ்டர்ஸ் பார்த்தேன். பதின்மூன்றாவது ஹோலில் ஒருத்தர் ஓடையைத் தாண்டி நேரே கொடி இருக்கிற இடத்துக்கே அடிக்கிறார், அடுத்து வந்தவர் ஓடைக்கு இந்தப் பக்கமே தட்டிவிட்டு நடக்கிறார். இரண்டு பேருமே பெரிய ஆட்டக்காரர்கள்தான். ஏன் இப்படி? அப்புறம், புல்வெளியில் ‘வடிவமைப்பு’ என்று பேச அப்படி என்ன இருக்கிறது?
*— சத்துவாச்சாரி வாசகர்*

அந்த இரண்டு பேரும் வேறு வேறு முடிவு எடுத்தார்களே, அதுதான் சார் வடிவமைப்பு.

அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தில் இருக்கிற அகஸ்டா நேஷனல் கிளப்பின் 13வது ஹோல் அது. (ஹோல் என்றால் முதல் அடி அடிக்கிற இடத்திலிருந்து குழி வரைக்குமான ஒரு பாதை.) பார் 5, அதாவது ஐந்து அடியில் முடித்தால் கணக்குக்குச் சரி. பாதை இடது பக்கம் வளைகிறது, அந்த வளைவின் உள்பக்கத்தை ஒட்டியே ஓடை வருகிறது, அது போதாதென்று கடைசியில் கிரீனுக்கு, அதாவது குழியும் கொடியும் இருக்கிற புல்தளத்துக்கு, முன்னால் குறுக்கேயும் பாய்கிறது. முதல் அடியை வலது பக்கம் அகலமான இடத்தில் போட்டால் ஒரு தொந்தரவும் இல்லை. ஆனால் அங்கிருந்து கிரீனுக்குத் தூரம் அதிகம், தரை வலமிருந்து இடமாகச் சரிவதால் வலதுகைக்காரருக்குப் பந்து கால் மட்டத்துக்கு மேலே நிற்கும், அப்படி நிற்கிற பந்தை அடித்தால் அது இடது பக்கமாகத்தான் இழுக்கும். மாறாக, முதல் அடியிலேயே துணிந்து ஓடைக்கரை ஓரமாகப் போட்டவருக்குத் தூரமும் குறைவு, தரையும் கிட்டத்தட்ட சமம். முதல் அடியில் ஜாக்கிரதையாக இருந்தவர் இரண்டாவது அடியில் அதை வட்டியும் முதலுமாகக் கட்ட வேண்டும், இல்லையென்றால் ஓடைக்கு முன்னால் தட்டிவிட்டு மூன்றாவது அடியில் ஏறவேண்டும். நீங்கள் பார்த்த இரண்டாமவர் செய்தது அதைத்தான்.

1985ல் கடைசி நாளில் முன்னணியில் இருந்த கர்ட்டிஸ் ஸ்ட்ரேஞ்ச் இங்கே துணிந்தார், பந்து ஓடையில் விழுந்தது. பதினைந்தாவதிலும் தண்ணீர். ஜெர்மனியின் பெர்ன்ஹார்ட் லாங்கர் கோப்பையைக் கொண்டுபோனார். 2010ல் ஃபில் மிக்கல்சன் பந்து வலது பக்கம் பைன் மரங்களுக்கு அடியில், சருகு மேல் கிடந்தது. இரண்டு மரங்களுக்கு நடுவே இருந்த சந்து வழியாக ஆறாம் நம்பர் இரும்பு மட்டையால் அடித்து, ஓடையைத் தாண்டிக் குழிக்குச் சில அடி தூரத்தில் போட்டார். அப்புறம் குழிக்குள் தட்டவேண்டிய அந்தக் குட்டி அடியைத் தவறவிட்டதை யாரும் ஞாபகம் வைத்திருப்பதில்லை! ஆனாலும் பேர்டி, அதாவது கணக்கைவிட ஒரு அடி குறைவு, அந்த வருஷப் பட்டமும் அவருக்கே.

2022 வரை இந்த ஹோல் 510 கஜம். இப்போதைய ஆட்டக்காரர்கள் மூலையில் இருக்கிற மரங்களுக்கு மேலாகவே அடித்து, இரண்டாவது அடியைச் சின்ன மட்டையால் அலட்சியமாகப் போட ஆரம்பித்துவிட்டார்கள். ஓடை அங்கேயே ஓடினாலும் யோசிக்க வேண்டிய அவசியம் போய்விட்டது. அதனால் 2023ல் டீயை, அதாவது முதல் அடி அடிக்கிற இடத்தை, பின்னால் தள்ளி 545 கஜமாக்கினார்கள். எனக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை, மட்டையும் பந்தும் மாறிக்கொண்டே இருக்க நிலத்தை மட்டும் நீட்டிக்கொண்டே போவது எத்தனை நாளைக்கு?

கே: மணல் குழி அதிகமாக இருந்தால்தானே கஷ்டமான மைதானம்? கஷ்டமானதுதானே நல்ல மைதானம்?
*— குடியாத்தம் வாசகர்*

அப்படி நினைத்தவர்கள் இருந்தார்கள், இன்னும் இருக்கிறார்கள். பிட்ஸ்பர்க் பக்கத்தில் ஓக்மாண்ட் என்று ஒரு கிளப், 1903ல் ஹென்றி ஃபௌன்ஸ் என்ற இரும்புத் தொழிலதிபர் அமைத்தது. தப்பாக அடித்தால் தண்டனை உண்டு, மன்னிப்பே கிடையாது என்பதுதான் அந்த மைதானத்தின் சித்தாந்தம். அதுவும் பெரிய மைதானம்தான், மறுக்கவில்லை. ஆனால் அங்கே உங்களுக்கு வேலை ஒன்றுதான், நேராக அடிப்பது.

அகஸ்டா திறந்தபோது மொத்தப் பதினெட்டு ஹோலுக்கும் சேர்த்து மணல் குழிகள் 22தான். இன்று கூட்டியிருக்கிறார்கள், அது வேறு கதை. ஃபேர்வே, அதாவது டீக்கும் கிரீனுக்கும் நடுவே இருக்கிற புல்பாதை, பரந்து கிடக்கும், சுமாராக ஆடுகிறவர்கூடப் பந்தைத் தொலைக்காமல் சுற்றி வரலாம், ஆனால் ஜெயிக்க நினைப்பவர் சரியான பக்கத்திலிருந்து கிரீனை அணுகவேண்டும். கிரீனின் சரிவைப் பார்த்துப் பின்பக்கமாகக் கணக்குப் போட்டால்தான் முதல் அடியை எங்கே போடுவது என்றே தெரியும்.

இது புரிய வேலூர்க் கோட்டை அகழிக் கரையில் போய் நில்லுங்கள். நேர் எதிரே இருக்கிற கரைக்கு ஒரு பந்தை அடிப்பதாக வைத்துக்கொண்டால், தாண்டவேண்டிய தண்ணீர் கொஞ்சம்தான். சாய்வாக, தூரத்து மூலையைக் குறிவைத்தால் தண்ணீர் நீண்டுகொண்டே போகும், ஆனால் விழுகிற இடம் நீங்கள் போகவேண்டிய வாசலுக்குக் கிட்டே. எவ்வளவு தண்ணீரைத் தாண்டுவது என்று முடிவு செய்வது நீங்கள். (அகழியில் நிஜமாகப் பந்தைப் போட்டால் தொல்லியல் துறை வரும், கற்பனையோடு நிறுத்திக்கொள்ளவும்.) நியூயார்க் லாங் ஐலண்டில் சார்லஸ் பிளேர் மெக்டொனால்ட் கட்டி 1911ல் முறைப்படி திறந்த ‘நேஷனல் கோல்ஃப் லிங்க்ஸ்’ கிளப்பின் 14வது ஹோல் இதே கணக்குதான். ‘கேப்’ என்று பெயர், அதற்கப்புறம் உலகம் பூரா அதை நகலெடுத்துவிட்டார்கள்.

கே: அகஸ்டாவை அமைத்தவர் ஒரு டாக்டர் என்று படித்தேன். உண்மையா?
*— பாகாயம் வாசகி, செவிலியர்*

உண்மைதான் அம்மா. அலிஸ்டர் மெக்கென்சி, 1870ல் யார்க்ஷயரில் பிறந்தவர், கேம்பிரிட்ஜில் மருத்துவம் படித்தவர். தென்னாப்பிரிக்காவில் போயர் போரில் மருத்துவராக இருந்தபோது அவரை ஈர்த்த விஷயம் வேறு. எதிரிகள் பதுங்குகுழிகளை நிலத்தோடு நிலமாகத் தெரிகிற மாதிரி வெட்டியிருந்த சாமர்த்தியம்! முதல் உலகப் போரில் அந்த மறைப்புக் கலையையே பிரிட்டிஷ் ராணுவத்துக்குச் சொல்லிக்கொடுத்தார், பிறகு அதையே கோல்ஃபுக்குக் கொண்டுவந்தார். அவர் போட்ட மணல் குழிகள் காற்றும் மழையும் அரித்ததுபோல இருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் குழி கிரீனை ஒட்டி இருப்பதுபோலத் தெரியும், கிட்டே போனால் நடுவில் தாராளமாக இடம் இருக்கும். கண்ணை நம்பியவர் மட்டையை மாற்றி எடுத்து ஏமாந்திருப்பார்.

அவரோடு சேர்ந்தவர் பாபி ஜோன்ஸ், அந்தக் காலத்தின் மிகப்பெரிய ஆட்டக்காரர், கடைசிவரை அமெச்சூராகவே, அதாவது பரிசுப் பணம் வாங்காமலே, ஆடியவர். இந்த ஜோன்ஸ் 1921ல், பத்தொன்பது வயதில், ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பழைய மைதானத்தில் ஆடும்போது பதினோராவது ஹோலில் பொறுமை இழந்து பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு போட்டியை விட்டே விலகினார். அதே மைதானத்தில் 1927ல் பிரிட்டிஷ் ஓப்பன் பட்டம், 1930ல் பிரிட்டிஷ் அமெச்சூர் பட்டம். ஒவ்வொரு நாளும் காற்றுக்கு ஏற்ப வழியை மாற்ற வைக்கும் அந்த மைதானத்தை அவர் வெறுப்பில் ஆரம்பித்து, காதலில் முடித்தார். மெக்கென்சியும் 1924ல் அதை அங்குலம் அங்குலமாக வரைபடம் போட்டவர். 1929ல் கலிஃபோர்னியாவில் ஒரு போட்டியின் முதல் சுற்றிலேயே தோற்று வெளியேறிய ஜோன்ஸ், கிடைத்த ஓய்வில் மெக்கென்சியின் சைப்ரஸ் பாயிண்ட் மைதானத்தில் ஆடிப் பார்த்தார், பிடித்துப்போனது. 1931ல் அகஸ்டாவில் பழைய நர்சரித் தோட்டம் ஒன்று விலைக்கு வந்தபோது கூப்பிட்டது இவரைத்தான். அங்கே ஒவ்வொரு ஹோலுக்கும் இன்றும் ஒரு செடியின் பெயர்தான், பதின்மூன்றாவதுக்கு அசேலியா.

பொருளாதார நெருக்கடி காலம், பேசிய கூலி மெக்கென்சிக்கு முழுதாகக் கைக்கு வரவில்லை. 1934 ஜனவரியில் இறந்துபோனார். முதல் மாஸ்டர்ஸ் போட்டி நடந்தது மார்ச்சில்.

கே: உறுப்பினராக முடியாத, உள்ளேயே விடாத ஒரு கிளப்பை நாம் ஏன் புகழவேண்டும்?
*— ஆம்பூர் வாசகர்*

கிளப்பைப் புகழவேண்டாம், நானும் புகழவில்லை. விண்ணப்பம் கிடையாது, அவர்களாக அழைத்தால்தான் உறுப்பினர். முதல் கறுப்பின உறுப்பினரைச் சேர்த்தது 1990ல், பெண்களைச் சேர்த்தது 2012ல். இது பெருமைப்பட வேண்டிய வரலாறு இல்லை.

ஆனால் அந்த மைதானத்தின் மூளை வந்த இடம் எது என்று பாருங்கள். செயின்ட் ஆண்ட்ரூஸ் பொதுமக்கள் நிலம். யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டி ஆடலாம், ஞாயிற்றுக்கிழமையில் வழக்கமாக ஆட்டமே கிடையாது, ஊர்க்காரர்கள் நாயைக் கூட்டிக்கொண்டு நடக்கிறார்கள். அங்கே சும்மா கிடைத்த யோசனையை அகஸ்டாவில் வேலி போட்டு வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

கே: நம் மாவட்டத்தில் இப்படி ஒன்று வந்தால் தண்ணீருக்கு எங்கே போவது?
*— ராணிப்பேட்டை வாசகர்*

பதினெட்டு ஹோல் என்றால் சுமார் 150 ஏக்கர். அகஸ்டா மாதிரி பச்சைப் பசேலென்று வேண்டுமென்றால் பாலாற்றை நம்பி அதைச் செய்யமுடியாது, செய்யவும் கூடாது. ஆனால் நல்ல வடிவமைப்புக்குப் பச்சை நிறம் கட்டாயம் இல்லை. ஸ்காட்லாந்தில் கோல்ஃப் வளர்ந்ததே கடற்கரை மணல் மேட்டில்தான், கோடையில் புல் காய்ந்து பழுப்பாகும், பந்து இன்னும் அதிகம் உருளும், யோசனையும் இன்னும் அதிகம் வேண்டும். நம் நாட்டிலேயே பல பழைய மைதானங்களில் கிரீனுக்குப் பதில் எண்ணெய் கலந்து இறுக்கிய மணல் தளத்தில்தான் ஆடினார்கள், அதற்கு ‘பிரவுன்’ என்றே பெயர். சுத்திகரித்த கழிவுநீர், குழி சுற்றி மட்டும் புல், மீதி இடமெல்லாம் இருக்கிற மண்ணும் முட்புதரும் என்று யாராவது திட்டம் போட்டால் பேசலாம். பச்சைக் கம்பளம் விரிக்கிறேன் என்று வந்தால் நீங்கள் எதிர்த்துக் கடிதம் எழுதுங்கள், நான் அச்சிடுகிறேன்.

கே: இந்தியர் யாராவது மாஸ்டர்ஸில் ஆடியிருக்கிறார்களா? நேரில் பார்க்க ஒரு பழைய மைதானம் சொல்லுங்கள்.
*— வாலாஜா மாணவர்*

முதல் இந்தியர் ஜீவ் மில்கா சிங், 2007ல். ஆமாம் தம்பி, ஓட்டக்காரர் மில்கா சிங்கின் மகன்தான். மைதானம் என்றால் ஊட்டியில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கியது, கொடைக்கானலில் 1895ல் தொடங்கியது, இரண்டும் கிளப் மைதானங்கள்தான். அடுத்த முறை மலைக்குப் போகும்போது முன்கூட்டியே போன் செய்து, பார்க்க அனுமதி உண்டா என்று கேட்டுவிட்டுப் போங்கள்.