வெள்ளத்தில் பாலம் ஏன் விழுகிறது என்று கேட்கும் மகள்

அம்மா, உங்கள் மகள் உயர்தரத்தில் கணிதப் பிரிவு எடுத்து, வெள்ளத்தில் பாலம் ஏன் விழுகிறது என்று படிக்கப் போகிறாளாம். இதற்கெல்லாம் வேலை இருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். இருக்கிறது. ஆனால் அவள் முதலில் படிக்க வேண்டியது குடிசார் பொறியியல், அதாவது பாலம், வீதி, கட்டடம் அமைக்கும் சிவில் படிப்பு. ஆற்று நீரைப் பற்றிய நீரியலும் அத்திவாரமும் அதற்குள்தான் வரும்.

அவளுடைய கேள்வி லேசானதல்ல. வெள்ளம் தூணில் மோதும்போது ஒரு பகுதி நீர் கீழே இறங்கி, தூணின் அடியில் சுழன்று மண்ணைத் தோண்டும். வெள்ளம் உச்சத்தில் இருக்கும்போது தோண்டிய குழியை, நீர் வடியும்போது மணல் வந்து மூடிவிடும். மறுநாள் போய்ப் பார்த்தால் எல்லாம் சரியாகத் தெரியும். அந்தப் புதுமணலுக்கோ பிடிமானமே இருக்காது. அதனால் குழி எவ்வளவு ஆழம் போகும் என்று இவற்றை வைத்துக் கணக்குப் போட்டுச் சொல்ல ஆள் வேண்டும்: நீரின் ஆழம், வேகம், தூணின் அகலம், ஆறு வந்து மோதும் கோணம், அடியில் இருப்பது மணலா பாறையா. மலைநாட்டில் மரங்களும் அடித்து வந்து தூணில் சிக்கும். அப்போது தூணே அகலமானதுபோல் ஆகி, குழி இன்னும் பெரிதாகும். 1987இல் நியூயோர்க் மாநிலத்தில் ஸ்கோஹாரி ஆற்றுப் பாலம் அடிமண் அரித்துத்தான் விழுந்தது, 10 பேர் இறந்தார்கள். நம் இலங்கையில் 2025 நவம்பரில் டித்வா புயலில் பாலங்கள் சேதமாகி ஊர்கள் துண்டிக்கப்பட்டதை நீங்களே பார்த்தீர்கள். இந்தப் படிப்பு படித்தவர்கள் மலைநாட்டிலேயே நிறையப் பேர் வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

வீதி அபிவிருத்தி அதிகார சபை, நீர்ப்பாசனத் திணைக்களம், தனியார் ஆலோசனை நிறுவனங்கள் என்று வேலைக்கு இடமுண்டு. பொம்பளைப் பிள்ளை ஆற்றங்கரையில் நிற்பதா என்று யோசிக்காதீர்கள். பாதி வேலை கணினியில்தான், மீதிக்குக் குழுவாகப் போவார்கள்.

இப்போது கவலைப்பட வேண்டியது கணிதப் பிரிவின் முக்கிய பாடமான இணைந்த கணிதத்தைப் பற்றி. தோட்டப் பக்கப் பாடசாலைகளில் தமிழில் அதைக் கற்பிக்க ஆசிரியர் கிடைப்பதே கஷ்டம். பாடசாலையைத் தெரிவு செய்யும் முன் அங்கே கணிதத்துக்கும் பௌதிகவியலுக்கும் நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா என்று அதிபரிடமே நேரில் கேளுங்கள். பல்கலைக்கழக அனுமதியில், நுவரெலியா மாவட்டப் பிள்ளை என்பதால் மாவட்டக் கோட்டாவோடு, பின்தங்கிய மாவட்டங்களுக்கான 5 சதவீத ஒதுக்கீடும் உண்டு. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் ஆங்கிலத்தில்தான் நடக்கும், ஆகவே ஆங்கிலத்தை இப்போதே தொடங்கட்டும். கம்பஸ் கிடைக்காவிட்டால் மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தின் தேசிய தொழில்நுட்ப டிப்ளோமா இருக்கிறது. அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், முடிவுத் திகதியைத் தவற விடாதீர்கள்.