மூளையில் நாடாப்புழு: எதிர்ப்பு சக்தியை ஏன் அடக்க வேண்டும்?

கேள்வி: டாக்டர், என் மகனுக்கு 13 வயது. போன மாதம் பள்ளியில் காலை வழிபாட்டின்போது வலது கை வெட்டி வெட்டி இழுத்து, அப்படியே மயங்கி விழுந்துவிட்டான். எம்.ஆர்.ஐ எடுத்துப் பார்த்து, மூளையில் நாடாப்புழுக் கட்டி ஒன்று இருக்கிறது என்றார்கள். வலிப்பு மாத்திரையோடு அல்பெண்டசோல் என்ற புழுக்கொல்லி மருந்தும் ஸ்டீராய்டும் கொடுத்திருக்கிறார்கள். ஸ்டீராய்டு எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் என்கிறார்களே, புழுவைக் கொல்ல வேண்டிய நேரத்தில் அதைக் குறைப்பது சரியா? முகம் வேறு உப்பிவிட்டது. ஸ்டீராய்டை மட்டும் நிறுத்திவிட்டு, என் மாமியார் சொல்வதுபோல் நிலவேம்புக் கஷாயம் கொடுக்கலாமா? நாங்கள் சுத்த சைவம். இது எப்படி வந்தது? — வாசகி, ராணிப்பேட்டை

பதில்: முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். ஸ்டீராய்டை நீங்களாக நிறுத்தாதீர்கள். முகம் உப்புவது மருந்து நின்றபின் தானாக வடிந்துவிடும். மருந்தைத் திடீரென நிறுத்தினால் மூளை வீக்கம் திரும்ப ஏறலாம். சில வாரங்கள் சாப்பிட்ட பிறகு சட்டென விட்டால், உடலின் சொந்த ஸ்டீராய்டைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பியும் தடுமாறும். அளவைக் குறைப்பதானால் உங்கள் மருத்துவர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

இனி உங்கள் கேள்விக்கு வருவோம். நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் அதன் அடியில் ஒரு அனுமானம் இருக்கிறது: புழு தாக்கியதால் வலிப்பு வந்தது, உடல் எதிர்த்துப் போராடினால் சரியாகிவிடும் என்று. பெரும்பாலான நோயாளிகளிடம் நடப்பது கிட்டத்தட்ட இதற்குத் தலைகீழ்.

டீனியா சோலியம் என்ற பன்றி நாடாப்புழுவின் முட்டை வயிற்றுக்குள் போனால், அதிலிருந்து வெளிவரும் நுண்கரு குடல் சுவரைத் துளைத்து ரத்தத்தில் கலக்கிறது. மூளைக்குப் போய்ச் சேர்ந்தால் அங்கே ஒரு சென்டிமீட்டர் அளவில், தெளிந்த நீர் நிரம்பிய பையாக வளர்கிறது. அதற்குள் புள்ளிபோல் தெரிவதுதான் புழுவின் தலை. இந்தப் பை உயிரோடு இருக்கும்வரை பலருக்கும் எந்தத் தொந்தரவும் தெரிவதில்லை. இந்தியாவில் பணியாற்றிவிட்டு ஊர் திரும்பிய பிரிட்டிஷ் சிப்பாய்களில் இந்த நோய் கண்ட 450 பேரைப் பற்றி 1961-இல் ஒரு பெரிய ஆய்வு வெளியானது. நாடு திரும்பிப் பல ஆண்டுகள் கழித்தே பலருக்கு முதல் வலிப்பு வந்திருக்கிறது. அத்தனை காலமும் ஒரு அந்நிய உயிர் மூளைக்குள் குடியிருந்தும் உடல் அதைக் கண்டுகொள்ளவில்லை.

ஏன்? இங்குதான் செல்களுக்கிடையே ஓடும் சமிக்ஞைகள் வருகின்றன. ஒரு செல் ஒரு புரதத்தை வெளியே விடும். இன்னொரு செல்லின் மேலுள்ள ஏற்பி அதைப் பிடித்துக்கொள்ளும். உடனே அந்தச் செல்லுக்குள் ஒரு புரதம் அடுத்ததைத் தூண்ட, அது மற்றொன்றைத் தூண்ட, கடைசியில் உட்கருவில் சில மரபணுக்கள் விழிக்கும், சில அடங்கும். நோய் எதிர்ப்பு என்பதே இப்படிப்பட்ட ஏராளமான செய்திகளின் கூட்டுவிளைவுதான். அவற்றில் சண்டைக்கு அழைக்கும் செய்திகளும் உண்டு, ‘போதும், அடங்கு’ என்று சொல்பவையும் உண்டு.

உயிருள்ள புழு இந்த இரண்டாவது வகையைத் தன் பக்கம் வளைத்துக்கொள்கிறது. அதைச் சுற்றி இன்டர்லூகின்-10, டிஜிஎஃப்-பீட்டா போன்ற அமைதிப்படுத்தும் செய்திகள் ஓங்கியிருக்கும். எதிர்ப்பை அடக்கிவைக்கும் ஒழுங்குபடுத்து டி செல்கள் என்ற வெள்ளணுக்களும் பெருகும். புழு தன் பங்குக்குப் பாராமயோசின் என்ற புரதத்தையும் விடுகிறது. அது நம் ரத்தத்தில் கிருமிகளைத் தாக்கும் புரதத் தொடரான காம்ப்ளிமென்ட் அமைப்பின் முதல் கண்ணியான சி1க்யூ-வைப் பிடித்து முடக்குகிறது. இதே இனத்தைச் சேர்ந்த டீனியா கிராசிசெப்ஸ் புழுவை எலிகளில் வைத்துப் பார்த்தபோது, கிருமிகளை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்களே கட்சி மாறுவது தெரிந்தது. ஸ்டாட்6 என்ற உட்செய்திப் புரதத்தின் வழியாக அவற்றின் இயல்பு மாறி, மேற்பரப்பில் பிடி-எல்1, பிடி-எல்2 என்ற தடைப் புரதங்கள் முளைத்து, சண்டையிட வரும் டி செல்களை அடக்குகின்றன. புற்றுநோய்க் கட்டிகளும் இதே பிடி-எல்1 வழியைப் பயன்படுத்துகின்றன என்பது இன்று பலரும் அறிந்த செய்தி. நாடாப்புழுவுக்கு அந்த வித்தை வெகுகாலமாகவே தெரியும்!

இந்த அமைதி ஒருநாள் உடைகிறது. வயதாகியோ மருந்தாலோ பை பலவீனமடைந்தால், அமைதிப்படுத்தும் பொருட்களை அதனால் முன்போல் விட முடியாது. உள்ளே இருந்தவை கசியத் தொடங்கும். அதுவரை மறைந்திருந்த புழுவின் பொருட்களை மூளையின் காவல் செல்கள் டோல் வகை ஏற்பிகளால் உணர்கின்றன. (இந்த ஏற்பிகளில் நான்காம் வகையின் மரபணுவில் உள்ள சிறு மாறுபாடுகளைப் பொறுத்து, அறிகுறி வரும் வாய்ப்பு ஆளுக்கு ஆள் மாறுவதை லக்னோ ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள்.) ஏற்பி தூண்டப்பட்டதும் செல்லுக்குள் என்எஃப்-கப்பா-பி என்ற புரதம் விடுபட்டு உட்கருவுக்குள் போகிறது. டிஎன்எஃப், இன்டர்லூகின்-1, இன்டர்லூகின்-6 என்ற, சண்டைக்கு அழைக்கும் செய்திகள் எல்லாம் சுரக்கின்றன. ரத்தக்குழாய்ச் சுவர் தளர்ந்து நீர் மூளைத் திசுவுக்குள் இறங்குகிறது. எம்.ஆர்.ஐ-யில் வளையமாக ஒளிர்வது அந்த அழற்சி. அதைச் சுற்றிப் பரவலாகத் தெரிவது இந்த நீர்வீக்கம். உங்கள் மகனுக்கு இழுத்தது வலது கை என்பதால், கட்டி அநேகமாக மூளையின் இடப்பக்கம், கையை இயக்கும் பகுதியை ஒட்டி இருக்கும்.

வலிப்பைத் தூண்டும் பொறி எது என்பதற்கும் ஓரளவு விடை உண்டு. புழுவைச் சூழும் அழற்சி முடிச்சுகளில் ‘சப்ஸ்டன்ஸ் பி’ என்ற சிறு புரதம் இருக்கிறது. பாதிக்கப்பட்ட எலிகளின் முடிச்சுச் சாற்றை வேறு எலிகளின் மூளையில் செலுத்தியபோது வலிப்பு வந்தது. சப்ஸ்டன்ஸ் பி-யின் ஏற்பியை முன்கூட்டியே அடைத்துவிட்டால் வரவில்லை. 2012-இல் வெளிவந்த இந்த முடிவு எனக்கு மிகவும் பிடித்த ஒன்று, ஏனென்றால் வலிப்பை எழுப்பும் பொருள் இங்கே உடலின் சொந்தச் சரக்கு. புழுவை முழுக்க நிரபராதி ஆக்கிவிடவும் வேண்டாம். நரம்புகளைக் கிளறும் குளுட்டமேட்டை டீனியா இளம்புழுக்களே வெளிவிடுகின்றன என்று பின்னர் தெரியவந்திருக்கிறது.

ஸ்டீராய்டு செய்வது என்ன? அது செல்லுக்குள் நுழைந்து தன் ஏற்பியோடு சேர்ந்து உட்கருவுக்குப் போய், அந்த என்எஃப்-கப்பா-பியின் கையைக் கட்டுகிறது. வீக்கம் வடிகிறது. புழு தப்பிவிடுமே என்ற பயம் வேண்டாம். அல்பெண்டசோல் புழுவைக் கொல்ல உங்கள் மகனின் எதிர்ப்பு சக்தியை நம்பியிருக்கவில்லை. அது புழுவின் செல்லிலுள்ள டியூபுலின் என்ற சட்டகப் புரதத்தில் நேராக ஒட்டிக்கொண்டு, குளுக்கோஸை உறிஞ்ச விடாமல் செய்கிறது. இன்னொன்று, டெக்ஸாமெத்தசோன் வகை ஸ்டீராய்டு ரத்தத்தில் அல்பெண்டசோலின் செயல்படு பொருளைக் கூட்டவே செய்கிறது. மருந்தால் புழு சாகும்போது வீக்கம் இன்னும் ஏறும் என்பதால்தான் ஸ்டீராய்டை முதலில் தொடங்கி, அதன்பின் அல்பெண்டசோலைத் தருகிறோம். வழக்கமான அளவு கிலோவுக்கு நாளொன்றுக்கு 15 மில்லிகிராம், இரண்டு வேளையாக. வெறும் வயிற்றில் தராதீர்கள். நெய்யோ எண்ணெயோ சேர்ந்த சாப்பாட்டுக்குப் பின் கொடுத்தால் உடலில் நன்றாக ஏறும்.

கஷாயம் பற்றி உங்கள் மாமியாரிடம் இப்படிச் சொல்லுங்கள்: பையனுக்கு எதிர்ப்பு சக்தி குறைவாக இல்லை, அது தேவைக்கு மேல் வேலை செய்கிறது. எதிர்ப்பு சக்தியைக் கூட்டத்தான் கஷாயம் என்றால் இங்கே கூட்ட வேண்டியது ஒன்றுமில்லை. அல்பெண்டசோல் கல்லீரலைச் சற்றுச் சிரமப்படுத்தும் மருந்து, அதன் மேல் கஷாயத்தையும் ஏற்ற வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஸ்டீராய்டு விஷயத்தில் கவனிக்க வேண்டியவை வேறு. காசநோய் எங்காவது பதுங்கியிருக்கிறதா என்று பார்த்தார்களா, அல்பெண்டசோலுக்கு முன் கண்ணின் உட்புறத்தைச் சோதித்தார்களா என்று கேளுங்கள். கண்ணுக்குள் புழு இருந்து அது அங்கே செத்தால், பார்வைக்கே ஆபத்து. அம்மை போட்ட குழந்தையோடு பழகினால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். ஃபெனிடாயின், கார்பமசெபின் போன்ற சில வலிப்பு மாத்திரைகள் அல்பெண்டசோலின் அளவைக் குறைக்கும். அதற்காக அவற்றை நீங்களாக மாற்றிவிடாதீர்கள், கேட்டுத் தெரிந்துகொண்டால் போதும். தலைவலியோடு வாந்தி, மந்தநிலை, பார்வை மங்கல், ஐந்து நிமிடத்துக்கு மேல் நிற்காத வலிப்பு இவற்றில் எது வந்தாலும் காத்திருக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

காசநோய்க் கட்டியும் எம்.ஆர்.ஐ-யில் இதே வளையமாகத் தெரியலாம். ஒருகாலத்தில் இந்தியாவில் இப்படிப்பட்ட சிறு கட்டிகள் பலவற்றுக்குக் காசநோய் மருந்து மாதக்கணக்கில் கொடுக்கப்பட்டது. உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே, வேலூர் சி.எம்.சி மருத்துவமனையில் அறுத்தெடுத்துச் சோதித்தபோதுதான் அவற்றில் பலவும் நாடாப்புழுவின் எச்சம் என்று தெரிந்தது. 1991-இல் அதை வெளியிட்டார்கள். 20 மில்லிமீட்டருக்கும் குறைந்த ஒற்றைக் கட்டி, தொடர்ந்து கூடும் கை கால் பலவீனம் இல்லை, மூளை அழுத்தமும் ஏறவில்லை என்றால் புழுவாகவே இருக்கும் வாய்ப்பு அதிகம் என்று அங்கே வகுத்த அளவுகோல் இன்றும் பயன்படுகிறது. புழுவின் தலை படத்திலேயே தெரிந்தால் சந்தேகத்துக்கு இடமில்லை.

சைவத்துக்கு வருகிறேன். சரியாக வேகாத பன்றி இறைச்சியைச் சாப்பிட்டால் குடலில் நாடாப்புழு வளரும். மூளைக்கு வருவது வேறு வழி: குடலில் புழு உள்ளவரின் மலத்தில் வரும் முட்டை, கழுவாத கை வழியாகவோ பச்சைக் காய்கறி, தண்ணீர் வழியாகவோ நம் வாய்க்குள் போவது. நியூயார்க்கில் பன்றி இறைச்சியைத் தொடவே தொடாத யூதக் குடும்பங்களில் நால்வருக்கு இந்நோய் வந்தது 1992-இல் பெரிய செய்தியானது. இந்நோய் பரவலாக உள்ள நாடுகளிலிருந்து வந்து அவர்கள் வீட்டில் வேலை செய்தவர்கள் வழியாகவே அது வந்ததாகத் தெரிந்தது. ஆகவே யாரையும் குற்றவாளியாக்காமல், வீட்டில் எல்லோருக்கும், சமைப்பவருக்கும் சேர்த்து, மலப் பரிசோதனை செய்துவிடுங்கள். குடலில் புழு இருந்தால் எளிதாகக் குணமாக்கலாம்.

அடுத்த எம்.ஆர்.ஐ பொதுவாக ஆறு மாதத்துக்குள் எடுப்பார்கள். கட்டி தடமில்லாமல் மறைந்து, அதன்பின் ஆறு மாதம் வலிப்பும் வராமல் இருந்தால், வலிப்பு மாத்திரையைக் குறைப்பது பற்றி மருத்துவர் யோசிப்பார். சுண்ணாம்புப் புள்ளியாக இறுகியிருந்தால் அல்பெண்டசோல் இனி தேவைப்படாது, வலிப்பு மாத்திரையை மட்டும் கூடுதல் காலம் தொடர வேண்டும். அந்தப் புள்ளியைச் சுற்றி எப்போதாவது மறுபடி வீக்கம் வருவதுண்டு. பழைய எம்.ஆர்.ஐ படம் உள்ள சிடி தட்டை எறிந்துவிடாமல், அடுத்த எம்.ஆர்.ஐ எடுக்கும் அன்றைக்குக் கையோடு எடுத்துப் போங்கள்.