கூப்பிடாமலே வருகிற விருந்தாளிகள்

கேள்வி: நோன்புப் பெருநாளுக்கு ஜொகூர் மாநிலத்தின் பத்து பகாட்டில் ஒரு நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். ஜாவா வம்சாவளிக் குடும்பம். முப்பது நாற்பது பேர் கும்பலாகக் கிளம்பி, கம்பத்தில் (கிராமத்தில்) ஒரு வீடு விடாமல் நுழைந்து சாப்பிட்டுவிட்டு வருகிறார்கள். ‘பராஆன்’ என்றார்கள். ஏழை வீட்டுக்கு இது தண்டச் செலவு இல்லையா? வேண்டியவர்களை மட்டும் கூப்பிட்டு ஒருநாள் திறந்த இல்ல உபசரிப்பு வைத்தால் போதாதா?
– ஒரு வாசகர், கிள்ளான்

பதில்: ‘வேண்டியவர்களை மட்டும்’ என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அங்கேதான் எனக்கு உங்களோடு ஒத்துப்போகவில்லை. திறந்த இல்ல உபசரிப்பில் யாரைக் கூப்பிடுவது என்று வீட்டுக்காரர் முடிவு செய்கிறார், யார் வீட்டுக்குப் போவது என்று விருந்தாளி முடிவு செய்கிறார். செல்வாக்கு உள்ளவர் வீட்டில் கார் நிறுத்த இடம் இருக்காது. பிள்ளைகள் எல்லாம் சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் இருக்க, தனியாக இருக்கும் கிழவி வீட்டுக்கு யார் போவார்? பராஆனில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. வரிசையில் அடுத்த வீடு எதுவோ அங்கே எல்லோரும் போக வேண்டும், அவ்வளவுதான்.

அந்த மக்கள் வாழ்ந்த விதத்தையும் கொஞ்சம் பாருங்கள். 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஜாவாவிலிருந்து வந்தவர்கள், மேற்கு ஜொகூரின் சதுப்பு நிலத்தில் வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்து, தென்னையும் பாக்கும் ரப்பரும் வைத்தார்கள். மலாயில் ‘பாரிட்’ என்றால் வாய்க்கால்; பாரிட் ஜாவா, பாரிட் ராஜா என்று ஊர்ப்பெயரிலேயே அது இருக்கிறது. ஒருவர் தன் பங்கைத் தூர் வாராமல் விட்டால் அடுத்தவர் தோட்டத்தில் தண்ணீர் நிற்கும். பக்கத்து வீட்டோடு மனஸ்தாபம் வைத்துக்கொண்டு அங்கே காலம் தள்ள முடியாது. பெருநாளில் ஒரு வீட்டைக்கூட விடக் கூடாது என்ற பிடிவாதம் இந்த வாழ்க்கையில் உரம் பெற்றது என்றே நான் நினைக்கிறேன். மலாக்கா நீரிணைக்கு அக்கரையில், இந்தோனேசியாவின் பெங்காலிஸ் தீவிலும் இதே பெயரில் இந்தப் பழக்கம் உண்டு.

நீங்கள் சாப்பாட்டைத்தான் பார்த்திருக்கிறீர்கள். உள்ளே நுழைந்ததும் பாயில் நெருக்கியடித்து உட்கார்ந்து, பெரியவர் ஒருவர் ஓத, அந்த வீட்டில் இறந்தவர்களுக்காகவும் சேர்த்து துஆ (பிரார்த்தனை) கேட்ட பிறகுதானே தட்டே வருகிறது? அப்புறம் கிளம்பும்போது வரிசையாகக் கைகொடுத்து, ‘மஆஃப் ஸாஹிர் பாத்தின்’ என்று ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்கிறார்கள். வேலித் தகராறில் ஒரு வருடமாகப் பேசாமல் இருக்கும் இரண்டு பேரை நினைத்துப் பாருங்கள். தனியாக அந்த வாசலை மிதிக்க இருவருக்கும் மனசு வராது, ஆனால் நாற்பது பேரோடு நுழைந்துவிட்டால் கை நீட்டாமல் வெளியே வர வழியில்லை. கும்பல் எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு என் பதில் இதுதான்.

சரி, செலவு. அது நியாயமான கேள்விதான். ஆனால் எல்லா வீட்டிலும் நாசி அம்பெங் என்ற ஜாவா விருந்துச் சோற்றுத் தட்டு வைக்க வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. ஒரு வீட்டில் லொந்தோங் (அழுத்திய சோற்றுத் துண்டுகள், குழம்போடு) இருக்கும், அடுத்த வீட்டில் இரண்டு டப்பா பலகாரமும் ஒரு ஜக்கு சிரப்பும்தான் இருக்கும். அங்கேயும் அதே துஆ, அதே கைகொடுத்தல். அம்பெங் வைத்தாலும் ஒரு தட்டைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து, சோறு, சோயா கோழி, செருண்டிங் (வறுத்த தேங்காய்த் துருவல்), தெம்பே (புளிக்கவைத்த சோயா) எல்லாவற்றையும் பகிர்ந்து சாப்பிட்டு, மிச்சத்தைக் கட்டிக்கொண்டு போவார்கள், வீணாவது குறைவு. வசதியான வீட்டைப் பார்த்து இல்லாதவர் கடன் வாங்கிச் சமைக்கும் நிலை எங்காவது வந்தால், பெரியவர்கள் முதலில் அதை நிறுத்த வேண்டும். அதற்காகச் சுற்றையே நிறுத்தச் சொல்வது எந்த ஊர் நியாயம்?

2021இல் கொரோனா கால நடமாட்டக் கட்டுப்பாட்டில் பெருநாள் வருகைகளையே அரசு தடுத்தது. கைப்பேசி வாழ்த்து அன்று எல்லோருக்கும் தாராளமாகப் போய்ச் சேர்ந்தது. அது போதும் என்றிருந்தால் தடை நீங்கிய பிறகு நீங்கள் பார்த்த கும்பல் கிளம்பியே இருக்காது.

அடுத்த பெருநாளுக்கும் நண்பர் கூப்பிட்டால் போய் வாருங்கள். முதல் வீட்டிலேயே வயிற்றை நிரப்பிக்கொள்ளாதீர்கள், கடைசி வீட்டுக்காரரும் உங்களுக்காகச் சமைத்திருப்பார்.