உயர்த்திய ஹைலக்ஸுக்கு எந்த ஷொக் அப்சோபர்?

கேள்வி: எங்கள் ஹைலக்ஸ் பிக்கப்பை 2 அங்குலம் உயர்த்தினோம். நெடுங்கேணிப் பக்கக் கிரவல் வீதியில் நெல்மூட்டை ஏற்றி ஓடுகிறோம். பின் ஷொக் அப்சோபர் இரண்டிலும் ஒயில் கசிகிறது. எதை மாற்றிப் போடலாம்?
- வாசகர், ஒட்டுசுட்டான்

பதில்: உயர்த்திய வண்டிக்குப் பழைய ஷொக்கின் நீளம் போதாது. பள்ளத்தில் சில்லு தொங்கும்போது தண்டு கடைசிவரை இழுபட்டு அடிக்கும், சீல் போய்விடும். உங்கள் கசிவுக்கும் பெரும்பாலும் இதுவே காரணம்.

வாங்குமுன் அளவெடுங்கள். சேஸியை ஸ்டாண்டில் நிறுத்தி, பழைய ஷொக்கைக் கழற்றி, அக்சிலை மெல்லத் தொங்கவிடுங்கள். பிறேக் ஹோஸ் இறுகினால் முதலில் நீளமான ஹோஸ் தேவை. மேல் போல்ட் நடுவிலிருந்து கீழ் போல்ட் நடுவரை அளந்தால், புதிய ஷொக்கின் விரிநீளம் அதைவிடச் சற்றுக் கூட இருக்க வேண்டும். பிறகு அக்சிலை, அது சேஸியில் இடிக்காமல் தடுக்கும் பம்ப் ஸ்டொப் றப்பரில் முட்டும்வரை ஜக்கால் உயர்த்தி மீண்டும் அளவுங்கள். சுருங்குநீளம் அதைவிட 20 மி.மீ. ஆவது குறைய வேண்டும், ஏனெனில் பாரத்தில் அந்த றப்பரும் நசுங்கும். நீளம் கூடினால் நல்லதென்று வாங்குபவர்களுக்குத்தான் ஷொக்கைப் பிடிக்கும் மவுண்ட் உடைகிறது.

அலையலையான கிரவலில் ஷொக் சூடேறி, ஒயில் நுரைத்து, பிடிப்பை இழக்கும். ஒற்றைக் குழாயுள்ள மோனோ-டியூப் ஷொக் வெப்பத்தை நன்றாக வெளிவிடும். ஆனால் கல்பட்டு வெளிக்குழாய் நசுங்கினால் பிஸ்டன் சிக்கும். பின் ஷொக்குகள் தாழ்ந்து தொங்குவதால், தடித்த பிஸ்டனுள்ள, கேஸ் நிரப்பிய ட்வின்-டியூப்பையே (குழாய்க்குள் குழாயுள்ளது) நாங்கள் சொல்வோம். வில்லுத்தகடுகளின் எண்ணிக்கையையும் வழக்கமாக ஏற்றும் பாரத்தையும் கடைக்காரரிடம் கட்டாயம் சொல்லுங்கள். ஷொக்கினுள் ஒயில் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு அதற்குப் பொருந்தாவிட்டால் வெறும் வண்டி துள்ளும்.